தீட்டும் கத்தியும் செருகும் பிளேடும்

சவரக்கத்தியால் தன் முகத்தைத் தானே மழிக்கப் பழக விரும்புகிறவர், கையில் அதிகப் பணம் இல்லாதவராக இருந்தால், இரண்டு கத்திகளுக்கிடையே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஒன்று, கல்லிலும் தோல்வாரிலும் தீட்டி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் பழைய மடக்குக் கத்தி. மற்றொன்று, இன்றைய சலூன்களில் நாம் காணும், பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகிக்கொள்ளும் கத்தி. விரித்துப் பிடித்தால் இரண்டும் ஒரே சாயல். மடக்கும் பிடியும் ஒன்று, விரல்கள் அமரும் இடமும் ஒன்று. ஆனால் வம்சாவளியைத் தேடிப்போனால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

தீட்டும் கத்திக்குப் பெயர்பெற்ற ஊர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும். பிளேடு கத்தியின் உடலமைப்பு அந்த மரபில் வந்தது. கூரோ அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வந்தது. தீட்டும் வேலையே இருக்கக்கூடாது என்ற எண்ணத்தில்தான் கிங் கேம்ப் ஜில்லெட் தூக்கியெறியும் பிளேடைக் கற்பனை செய்தார். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினப்படுத்திக் கூராக்கும் வழியைக் கண்டவர் எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர் வில்லியம் நிக்கர்சன். 1903இல், விற்பனையின் முதல் ஆண்டில், விலைபோனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த சில பத்தாண்டுகளில் அதே பிளேடு சவரக்கத்தியைப் பெரும்பாலான வீடுகளிலிருந்து வெளியேற்றிவிட்டது. பின்னர் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி போன்ற ரத்தவழித் தொற்றுகள் பற்றிய எச்சரிக்கையால், ஒருவர் முகத்தில் பட்ட கூர் இன்னொருவர் முகத்தில் படக்கூடாது என்றானபோது, சலூன்களில் பிளேடு சவரக்கத்திக்குள்ளேயே குடியேறியது. தன்னை விரட்டிய எதிரியைத் தன் உடலில் ஏற்றுக்கொண்டு பிழைத்த கருவி என்று சலூன் கத்தியைச் சொல்லலாம்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். பிளேடு கத்தியைச் சில நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். பிளேடு ஒன்றுக்குச் சில ரூபாய்தான். பாதியாக ஒடிப்பதால் அதுவும் இரண்டாகிறது. தீட்டும் கத்தி அப்படியல்ல. சோலிங்கனில் செய்த புதிய கத்தியின் விலை எளிதில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். பழையதை வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். ஆனால் அதற்குக் கூர் ஏற்ற வேண்டும், தோல்வார் வேண்டும், நாளடைவில் நுண்கல்லும் வேண்டும். மிக மலிவாகப் புதிதாகக் கிடைப்பவற்றில் பல, சவரக்கத்தியின் வடிவம் மட்டுமே கொண்ட அலங்காரப் பொருள்கள். அவற்றின் எஃகு எவ்வளவு தீட்டினாலும் கூரைத் தாங்காது. சீனாவின் ‘கோல்டு டாலர்’ போன்ற சில இதற்கு விலக்கு: எஃகு நல்லது, ஆனால் சீராகத் தேய்க்கப்படாத கத்தியைச் சரிசெய்யும் உழைப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. முதல் தோல்வாரும் மலிவானதாக இருப்பதே நல்லது, பழகும் கை அதை வெட்டாமல் விடாது. கூர் ஏற்றிய கத்தியாகவே வாங்கிவிட்டால், கல்லின் செலவைப் பல மாதங்களுக்குத் தள்ளிப்போடலாம்.

ஒரு கத்தியைத் தீட்டுகிறோம், மற்றொன்றில் பிளேடை மாற்றுகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி, எஃகின் கூரை எப்படிக் கெடுக்கிறது? 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். நிக்கர்சன் படித்த அதே கல்விக்கூடம். முடி வளைந்துகொடுக்கும்போது, கூரில் எஃகின் உள்ளமைப்பு ஒருசீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது தூக்கியெறியும் பிளேடுகளைத்தான். ஆனாலும் முடியின் முன் எந்தக் கூரும் நிலையாக நிற்பதில்லை. பிளேடு கத்தி அந்த இழப்பைக் குப்பைக்கூடையில் தீர்க்கிறது. தீட்டும் கத்தி ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல்வாரில் தன்னைச் சீர்செய்துகொள்கிறது.

அந்தச் சீர்செய்தலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. கல்லில் கூர் முன்னே செல்லும். தோல்வாரில் முதுகு முன்னே செல்ல, கூர் பின்தொடரும். திசை மாறினால் தோல் அறுபடும், கூரும் மடங்கும். கல்லில் முதுகும் கூரும் ஒருசேரப் படிய வேண்டும். அப்படிப் படிந்தால் தீட்டும் கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை. முதுகின் தடிமனும் அலகின் அகலமுமே தீர்மானிக்கின்றன. பிளேடின் கோணத்தைத் தொழிற்சாலை முன்கூட்டியே முடிவுசெய்வதைப் போல, தீட்டும் கத்தியின் கோணத்தை அதை அடித்த கொல்லர் முன்கூட்டியே முடிவுசெய்திருக்கிறார். கைத்திறனே எல்லாம் என்று நாம் எண்ணும் கத்தியிலும் கைக்கு விடப்பட்டது குறைவுதான்.

முகத்தில் வைத்தபின்தான் இரண்டும் பிரிகின்றன, அதுவும் நாம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக. பார்த்தால் அச்சம் தரும் தீட்டும் கத்தியே தோலிடம் பொறுமையாக நடந்துகொள்கிறது. அதன் முதுகின் எடை வேலையைச் செய்துவிடுவதால் கை அழுத்தத் தேவையில்லை. முனை வட்டமாக இருந்தால் குத்துவதும் குறைவு. எளிமையாகத் தோன்றும் பிளேடு கத்தியோ கடுமையானது. பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான், கத்தியிலும் எடை இல்லை. அதனால் பழகாத கை தானாகவே அழுத்துகிறது, பிளேடின் மூலை தாடையோரத்தில் கீறிவிடுகிறது. மலிவான கருவி கற்பவரிடம் கூடுதல் கவனத்தை விலையாகக் கேட்கிறது.

பழகும் முறையில் மீண்டும் ஒன்றுபடுகின்றன. வெந்நீரில் முகம் நனைத்து, பிரஷ்ஷால் நுரை கட்டி, மறு கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில், முடி வளரும் திசையிலேயே சிறு சிறு வீச்சுகள். முதல் வாரங்களில் கன்னங்கள் மட்டும் போதும். மோவாயும் மேலுதடும் காத்திருக்கட்டும். கத்தியைக் குறுக்கே இழுத்தால் இரண்டுமே தயங்காமல் வெட்டும். கீறலுக்கு இரண்டுக்கும் ஒரே மருந்து, படிகாரம். சவரம் முடிந்ததும் மறுபடி பிரிகின்றன: பிளேடைக் காகிதத்தில் சுற்றி எறிந்தால் வேலை முடிந்தது, கார்பன் எஃகுக் கத்தியையோ ஈரமில்லாமல் துடைத்து, ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தடவி, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது? தோல் மிக மென்மையானவருக்கு, நம்பகமானவரிடம் கூர் ஏற்றி வாங்கிய பழைய கத்தியைச் சொல்வேன். மற்றவர்களுக்கு என் பரிந்துரை பிளேடு கத்தி. விலை மட்டும் காரணமல்ல. பிளேடில் பழகிய இலேசான கை தீட்டும் கத்திக்கு அப்படியே பொருந்துகிறது. தீட்டும் கத்தியின் எடையை நம்பிப் பழகிய கை பிளேடுக்கு வரும்போது முதலிலிருந்து கற்கவேண்டியிருக்கிறது. சில மாதங்கள் கழித்தும் ஆசை குறையாவிட்டால் அப்போது பழைய கத்தியைத் தேடலாம். அலகில் 5/8 அல்லது 6/8 அங்குல அகலமும் வட்ட முனையும் போதும். உடலிலுள்ள கறைகளைப் பொருட்படுத்த வேண்டாம். கூரின் ஓரத்தில் துருக்குழியோ வெடிப்போ இருந்தால், எத்தனை குறைந்த விலை சொன்னாலும் அதை வாங்காதீர்கள்.