சீமோன் செக்தர்

சீமோன் செக்தர் (1788–1867) ஆஸ்திரிய இசைக்கோட்பாட்டு அறிஞர், ஆர்கன் இசைஞர். பொகீமியாவின் ஃபிரீட்பர்க்கில் பிறந்து, 1804இல் வியன்னாவுக்கு வந்தார். பார்வையற்றோர் பள்ளியில் இசை கற்பித்தார். 1820களின் நடுவில் அரண்மனைத் தேவாலயத்தின் ஆர்கன் இசைஞரானார்.

1828 நவம்பரில், ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இசையமைத்திருந்த ஷூபர்ட் இவரிடம் பாடம் கேட்க வந்தார். ஒரே ஒரு வகுப்புதான் நடந்தது. அம்மாதம் 19ஆம் நாள் ஷூபர்ட் 31 வயதில் இறந்தார்.

1851இல் செக்தர் வியன்னா இசைப்பள்ளியின் பேராசிரியரானார். 1853–54இல் வெளிவந்த இவரது மூன்று தொகுதி நூல், ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் ஓர் அடிச்சுரம் உண்டு, அடிச்சுரங்கள் நகரும் ஒழுங்கே இசையின் இலக்கணம் என விளக்குகிறது.

1855 முதல் 1861 வரை புரூக்னர் இவரிடம் பயின்றார். பெரும்பகுதி பாடம் லின்ஸ் நகரிலிருந்து அஞ்சல்வழி நடந்தது. பயிற்சி முடியும்வரை சொந்தமாக இசை இயற்றக் கூடாது என்பது ஆசிரியரின் விதி. முப்பது வயதைக் கடந்த மாணவர் அதற்குக் கட்டுப்பட்டார். அவரது புகழ்பெற்ற சிம்பொனிகள் அனைத்தும் அதன் பின்னரே பிறந்தன.

செக்தர் 5,000க்கும் மேற்பட்ட ஃபியூகுகளை எழுதினார். அவை இன்று அரிதாகவே ஒலிக்கின்றன. வறுமையில் இறந்த இவரது ஆசிரியப் பணியை 1868இல் புரூக்னரே ஏற்றார். செக்தரின் இலக்கணம் அவர்வழி அடுத்த தலைமுறைக்குச் சென்றது.