பரணில் கிடக்கும் கோட்டும் பேகன் கொடுத்த போர்வையும்



போன மார்கழியில் ஒரு நாள். விடிகாலை நாலரை மணிக்குக் கிரிவலம் போகலாம் என்று கிளம்பினேன். நம் கேட்டருகே இரவுக் காவலில் இருந்த பெரியவர், கோணிச் சாக்கு ஒன்றைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுப் பரணில் ஒரு கோட்டு இருக்கிறது. மகளைப் பார்க்கக் கனடா போனபோது ஒரே ஒரு குளிர்காலத்துக்காக வாங்கியது. ஆறு வருடமாகப் பாச்சை உருண்டை வாசனையோடு தூங்குகிறது. அன்று மாலையே அதை எடுத்து, வெயிலில் போட்டு, அவரிடம் கொடுத்தேன். மனசு நிறைந்துபோனது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கோட்டு நாற்காலியின் முதுகில் தொங்குகிறது. பெரியவர் தலையில் மறுபடியும் சாக்கு. கேட்டதும் சங்கடப்பட்டார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். இதப் போட்டுக்கினு கேட்டத் தொறக்க வரல, நோட்டுல கையெழுத்து வாங்க வரல. எனக்குக் காதுலயும் முட்டியிலயும்தான் சார் குளிரு" என்றார்.

நல்ல கோட்டுதான். ஆனால் அவருக்கு ஏற்ற கோட்டு அல்ல. குளிருடுப்பு வாங்குகிறவர்கள் நிறம் பார்ப்போம், வெட்டு பார்ப்போம், கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். போடுகிறவர் என்ன வேலை செய்கிறார், உடம்பில் எந்த இடம் குளிர்கிறது என்று முதலில் கேட்பதில்லை. நம் முன்னோர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போது தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். படிக்கும்போது நீங்கள் எந்த வகை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்கத்து இடையர் விரித்த படுக்கை

"நமக்கெல்லாம் ஏது குளிர்காலம்?" என்று சிரிப்போம். ஆனால் தமிழர் ஒரு வருடத்தைப் பிரித்த ஆறு பருவங்களில் மூன்று குளிரோடு சேர்ந்தவை. ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. பத்துப்பாட்டில் ஒன்றான நக்கீரரின் நெடுநல்வாடை முழுக்கக் கூதிர்காலத்தின் பாட்டுதான். மழையில் நனைந்த இடையர்கள் நெருப்பில் கை காய்ச்சியும் பல் நடுங்குவதை அதில் பார்க்கலாம். ஊருக்குள்ளே சந்தனம் அரைக்கும் கல் வேலையில்லாமல் கிடக்கும்.

நம் ஊருக்குப் பக்கத்துச் சான்றும் ஒன்று உண்டு. இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் செங்கம்தான் சங்க காலத்துச் செங்கண்மா. அதன் தலைவன் நன்னனைப் பாடியது மலைபடுகடாம். நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும்போது, இரவில் ஆட்டு மந்தை இருக்கும் இடத்தில் தங்கினால் என்ன கிடைக்கும் என்றும் அந்தப் பாட்டு சொல்கிறது. குடிக்கப் பால் கிடைக்கும். படுக்க, ஆட்டுத்தோலால் செய்த மெத்தை போன்ற படுக்கை கிடைக்கும். துணைக்கு நெருப்பும் இருக்கும். அதே பாட்டில் நன்னன் கொடுப்பதோ, இழை ஓடுவதே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துணி. அரண்மனையில் மெல்லிய துணி, மலங்காட்டில் தடித்த தோல். அந்தந்த இடத்துக்கு ஏற்றது அந்தந்த இடத்தில் கிடைத்தது.

கம்பளிக்காரர்கள்

தோலுக்கு அடுத்தது கம்பளி. வட தமிழ்நாட்டில் ஆடு வளர்த்த குறும்பர் சமூகத்தார், ஆட்டு மயிரைக் கத்தரித்து, நூற்று, கம்பளி நெய்தவர்கள். எல்லா ஆட்டிலும் கம்பளி மயிர் கிடைக்காது. கால்நடைத் துறையினர் மெட்ராஸ் ரெட் என்று சொல்லும் செந்நிறச் செம்மறி இறைச்சிக்கானது. அதன் குட்டை மயிர் கம்பளிக்கு ஆகாது. திருச்சி கருப்பு போன்ற இனங்களின் முரட்டு மயிர்தான் கம்பளிக்கு உதவும்.

அந்தக் கம்பளி உடம்பில் குத்தும். ஆனால் மேய்ப்பவருக்கும் இரவில் களத்துமேட்டில் காவல் இருப்பவருக்கும் அதைவிட நல்ல உடுப்பு இல்லை. தலையோடு போட்டால் மழைக்கு மறைப்பு. தோளில் போட்டால் போர்வை. தரையில் விரித்தால் பாய். மடித்தால் தலையணை. கை இரண்டும் எப்போதும் வெளியே இருக்கும். ஓடும் ஆட்டைப் பிடிக்கலாம். நம் வாட்ச்மேன் பெரியவரின் சாக்குக் கொங்காணி இந்தக் கம்பளியின் ஏழைத் தம்பி என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மலைமேல் ஏறினால் வேறொரு வழி. நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளி பருத்தித் துணிதான். அதில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை. ஆணும் பெண்ணும் உடம்பைச் சுற்றிப் போர்த்துவார்கள். 2013-ல் இந்த நூல் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோட்டு வந்தது குளிருக்காக அல்ல

இனி கோட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் பாருங்கள். தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கீழே வேட்டி. வெள்ளைக்காரர் ஆட்சியில் குமாஸ்தாவும் வக்கீலும் பள்ளி ஆசிரியரும் இப்படித்தான் வேலைக்குப் போனார்கள். அது குளிருக்குப் போட்டதல்ல, பதவிக்குப் போட்டது. பாரதியாரை நாம் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். இன்றும் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டுதான். உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர்த்த மற்ற நீதிமன்றங்களில், கோடையில் மட்டும் அதற்கு விலக்கு உண்டு.

இந்த மரியாதை உடுப்பைக் கழற்றியவர்களும் உண்டு. 1921 செப்டம்பர் 22-ம் தேதி மதுரையில்தான் காந்தி மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு, அரைத்துணிக்கு மாறினார். 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போனபோதும் அதே அரைத்துணியும் மேலே ஒரு சால்வையும்தான்.

நம் ஊரில் அதற்கும் முன்பே ஒருவர் வந்துவிட்டார். 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைக்கு வந்த பதினாறு வயது வேங்கடராமன், அய்யங்குளத்தருகே வேட்டியைக் கோவணமாகக் கிழித்துக்கொண்டு மீதியை எறிந்தார். பிறகு ரமணர் என்று உலகம் அறிந்த அவர், 1899 முதல் 1916 வரை மலையில் விரூபாட்சி குகையில் இருந்தபோதும் அதே கோவணம்தான். எதுவும் வேண்டாம் என்பதும் ஒரு வகைதான். ஆனால் அது அவரவர் தமக்குத் தேர்ந்துகொள்வது. அடுத்தவருக்கு நாம் தேர்ந்து கொடுக்க முடியாது.

சால்வையின் கதை இதற்கு நேரெதிர். போர்த்திக்கொள்ள வந்தது, இன்று பொன்னாடையாகிப் போர்த்திய மறு நிமிடமே மடித்து வைக்கப்படுகிறது. நம் சங்க ஆண்டுவிழாவில் வாங்கியவர்கள் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு போர் கொடுத்த குல்லா

நம்மில் பலர் கோட்டுக்காரரும் அல்ல, கம்பளிக்காரரும் அல்ல. ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும்தான். இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரே போர் இருக்கிறது. 1854 அக்டோபர் 25-ம் தேதி, கிரிமியாவில் பாலக்லாவா என்ற ஊரருகே நடந்த சண்டையில் பிரிட்டிஷ் குதிரைப்படையை நடத்திப் போனவர் கார்டிகன் பிரபு. முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டருக்கு அவர் பெயர். முகம் மட்டும் தெரியும் குல்லாவுக்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயர். நாம் மங்கி குல்லா என்று நம் வழியில் பெயர் வைத்துக்கொண்டோம்.

1959-க்குப் பிறகு இந்தியாவுக்கு அகதிகளாக வந்த திபெத்தியர்கள், குளிர்காலம்தோறும் ஊர் ஊராகக் கடை போட்டு ஸ்வெட்டர் விற்கத் தொடங்கினார்கள். சென்னைவரை அவர்களுடைய கடைகள் வந்தன. அவர்கள் விற்கும் ஸ்வெட்டர்களில் பல பஞ்சாபின் லூதியானாவில் பின்னப்பட்டவை. நம் அண்டை ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் உலகெங்கும் போகிறது. அதே தோலில் செய்த கோட்டை நாம் போடுவதில்லை. நம் வெக்கைக்கு அது ஒத்துவராது என்று தெரிந்த தேர்வு அது.

ராமானுஜனின் கோட்டு

தவறான உடுப்பு அறிவாளியையும் படுத்தும். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-ம் தேதி சென்னையில் கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் குளிர் அவரை வாட்டியது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். அவர் ஒரு நாள் பார்க்கப் போனபோது, ராமானுஜன் கணப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரவில் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையும் சுற்றிப் படுத்தும் குளிர்கிறது என்றார். மகலனோபிஸ் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. மெத்தைக்கடியில் செருகி, மேலே விரிப்பு போட்டு மூடியிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் மேலே படுத்திருந்தார்.

கோட்டு நடப்பதற்கு, கம்பளி படுப்பதற்கு. உடுப்பு இருந்தும் அதன் வழி தெரியாவிட்டால் குளிர் போகாது.

நீங்கள் எந்த வகை?

இந்த வருடமும் நம்மில் சிலர் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புவீர்கள். கோட்டு வாங்கும் முன் உங்கள் நாள் அங்கே எப்படிப் போகும் என்று யோசியுங்கள்.

பேரக்குழந்தையைப் பள்ளியில் விட்டு வர நடப்பவரா? முழங்கால்வரை நீளமும், தலைமூடியும், கையுறையோடு இழுக்கக்கூடிய ஜிப்பும் வேண்டும். காரிலேயே போய் வருபவரா? இடுப்புவரை உள்ள குட்டைக் கோட்டு போதும். நீளமானது உட்காரும்போது இழுக்கும். புடவை கட்டுபவரா? பொத்தான் வைத்த, தளர்வான கோட்டும் உள்ளே முழுக்கால் தெர்மலும் ஒத்துப்போகும். எதுவானாலும், உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு நல்லது. அடுக்குகளுக்கிடையே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. பறவை இறகு அடைத்த கோட்டு எடை குறைவு, சூடு அதிகம். ஆனால் நனைந்தால் பயனில்லை. முடிந்தால் போகிற ஊரிலேயே வாங்குங்கள். அந்த ஊர்க் குளிர் அந்த ஊர்க் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

மயிலைக் கேட்டிருந்தால்

மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்த பேகனைச் சின்ன வகுப்பிலிருந்தே புகழ்கிறோம். பழனி மலைப் பக்கத்து வள்ளல். அந்த மனசு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் மயில் அந்தப் போர்வையை என்ன செய்திருக்கும் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். நாற்காலியின் முதுகில் தொங்கிய என் கோட்டுதான் நினைவுக்கு வருகிறது.

பெரியவரிடம் பிறகு கேட்டேன், என்ன வேண்டும் என்று. கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார்: ஒரு மங்கி குல்லா, முட்டிக்குப் போட ஒரு பழைய கம்பளி, கையில்லாத ஒரு ஸ்வெட்டர். மூன்றும் சேர்த்து, என் கோட்டு விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. தை முடியும்வரை மூன்றையும் தினமும் போட்டிருந்தார். சாக்கு அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை.

கார்த்திகை தீபம் வருகிறது. 2,668 அடி உயர மலை உச்சியில், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணி திரியாகி எரியப்போகிறது. மழைச்சாரலில் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் சுற்றி வருபவர்கள் சாலையோரம் படுத்திருப்பார்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உங்கள் பரணைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். போர்வைகளைத் துவைத்து, வெயிலில் காய வைத்து, சங்க அலுவலகத்தில் கொடுத்தால் சேர்த்து எடுத்துப் போகலாம். பொன்னாடைகளும் வரட்டும், இரண்டை இணைத்துத் தைத்தால் நல்ல போர்வை ஆகும்.

நம் கேட்டில் இருப்பவர்களுக்கும், விடியுமுன் குப்பை எடுக்க வரும் அம்மாக்களுக்கும் ஏதாவது கொடுப்பதாக இருந்தால் மட்டும், "உங்களுக்கு எங்கே குளிருது?" என்று முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் கோட்டு மறுபடியும் பரணுக்குப் போய்விட்டது. நம்மில் யாராவது இந்தக் குளிர்காலத்தில் கனடா பக்கம் போவதாக இருந்தால் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்குச் சரிவருமா என்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும்.