குரங்குகள் செத்து விழுந்த காடு

மிஷன் பீக் ஏறிவிட்டு வந்து காலுறையைக் கழற்றி உண்ணி தேடுகிற ஊர் இது. ஆகவே உண்ணியின் வரலாற்றைப் பேசினால் முகம் சுளிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

1957இல், அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுவட்டாரக் கிராமங்களில் கடும் காய்ச்சல். சிலருக்கு ஈறில் ரத்தம். விறகுக்கும் தழைக்கும் காட்டுக்குள் போனவர்கள்தான் அதிகம் படுத்தார்கள். கன்னடத்தில் ‘மங்கன காயிலெ’, குரங்கு நோய் என்றே பெயர். ஆசியா அதுவரை கண்டிராத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று புனே வைரஸ் ஆய்வு மையத்துக்குப் பயம். மைய இயக்குநர் டெல்ஃபோர்ட் வொர்க், அமெரிக்கர். பின்னாளில் நம் கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏ பேராசிரியர். செத்த குரங்கிலிருந்து பிரித்தெடுத்த வைரஸோ, ருஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்குப் பங்காளி.

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்தது? பறவைகள் மேல் சந்தேகம் விழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சாலிம் அலி வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டார். பிறகு அமெரிக்க ராணுவப் பணமும் வந்தது. 1970களில் அதுவே வினையாயிற்று. கிருமிப்போர் ஆராய்ச்சி என்று பத்திரிகைகள் எழுத, நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. பணம் யாருடையது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கூச்சலில் விறகு பொறுக்கியவர்களை எல்லோரும் மறந்துபோனார்கள்.

களத்தில் வேலை செய்தவர்கள் மாட்டைப் பார்த்தார்கள். பின்னாளில் புதுச்சேரி நோய்ப்பரப்பி ஆய்வு மையத்தின் இயக்குநரான பி.கே.ராஜகோபாலன், கொலம்பியாவைச் சேர்ந்த ஹோர்ஹே பொஷெல் போன்றவர்கள். காட்டை வெட்டி வயலாக்கினோம், ஓரத்தில் மாடு மேய்த்தோம். வளர்ந்த உண்ணிக்கு மாட்டு ரத்தம் விருந்து, அது பெருகியது. குரங்கு செத்ததும் அதன் உடம்பிலிருந்த உண்ணிகள் அங்கேயே உதிரும். அடுத்து அந்த வழியாக வருபவர் சுள்ளி பொறுக்குகிறவர்தான். (இங்கே நிலைமை வேறு. நம் வேலிப் பல்லியின் ரத்தம் லைம் நோய்க் கிருமியைக் கொல்லும் என்று 1998இல் பெர்க்லியில் கண்டார்கள்.)

காய்ச்சலோடு வருபவரிடம் எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்று கேட்பது செவிலியர் வழக்கம். எங்கே மாடு மேய்த்தீர்கள் என்ற கேள்வி நான் நிரப்பிய படிவம் எதிலும் இருந்ததில்லை.

1995இல் சவூதி அரேபியாவில் இதற்கு நெருங்கிய உறவான அல்குர்மா வைரஸ் கிடைத்தது. இரண்டும் சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்திருக்கலாம் என்பது 2011இல் வெளிவந்த மரபணுக் கணிப்பு. அப்படியானால் 1957இல் வைரஸ் புதிதாக வந்து இறங்கவில்லை. நாம்தான் அதன் வீட்டுக்குள் போயிருக்கிறோம்.

2012இல் பந்திப்பூர், பக்கத்திலேயே நம் நீலகிரி. அடுத்த ஆண்டு வயநாடு. 1990 முதல் போட்டுவந்த தடுப்பூசி போதிய பலன் தரவில்லை என்று 2022இல் கர்நாடகம் நிறுத்தியது. கைகாலில் உண்ணி விரட்டும் எண்ணெயைத் தடவிக்கொண்டு இப்போதும் காட்டுக்குள் போகிறார்கள். அடுப்பு எரிய வேண்டுமே.