ஜவ்வரிசிக்குக் குடோன் இருக்கு, கிழங்குக்கு?

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன்ல கேட்டார்: "ஜவ்வரிசி எந்த மரத்துல காய்க்குதுங்க?"

சிரிக்காதீங்க. அந்தக் கேள்வியில பாதி நியாயம் இருக்கு. ஆதியில ஜவ்வரிசி மரத்திலிருந்துதான் வந்துச்சு. மலேயா, இந்தோனேசியத் தீவுகள் பக்கம் சேகோ பனைன்னு ஒரு மரம். அதை வெட்டிப் பிளந்து, உள்ளே இருக்கிற சோற்றைக் கரைச்சு மாவெடுத்து, உருட்டிக் காயவெச்சா வெள்ளை வெள்ளையா மணி. ஜாவாவிலிருந்து வந்த அரிசிங்கறதால ஜவ்வரிசி ஆச்சுன்னு சிலர் சொல்வாங்க. வெந்தா சவ்வு மாதிரி இருக்கிறதால சவ்வரிசின்னு இன்னும் சிலர் சொல்வாங்க.

ஆனா இன்னிக்கு உங்க பாயாசத்துல மிதக்கிறது மரத்துச் சரக்கு இல்ல. மரவள்ளிக் கிழங்கு மாவு. எங்க ஆத்தூர் பக்கம் அதைக் குச்சிக்கிழங்குன்னு சொல்லுவோம். மரத்துக்குப் பதிலா கிழங்கு எப்படி வந்துச்சு, அந்தத் தொழில்ல யார் பேச்சு எடுபடுது, யார் பேச்சு எடுபடலைன்னு கொஞ்சம் விவரமா எழுதலாம்னு தோணுச்சு. எண்பது வருஷக் கதை.

மரவள்ளி நம்ம ஊர்ச் செடி இல்ல. தென் அமெரிக்காவில பிறந்தது, போர்ச்சுகீசியர் கப்பல்ல கேரளக் கரைக்கு வந்தது. 1880-லிருந்து 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கை மக்கள் பயிரிடணும்னு ஊக்கப்படுத்தினார். அதோட அருமை முழுசாத் தெரிஞ்சது 1942-ல. பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போச்சு. அங்கிருந்து வந்த அரிசி நின்னுபோச்சு. கேரளாவில லட்சக்கணக்கான வயிறுகளைக் காப்பாத்தினது கப்பைக் கிழங்குதான்.

அதே யுத்தத்துல மலேயாவும் விழுந்துச்சு. கப்பல்ல வந்துக்கிட்டிருந்த ஜவ்வரிசியும் நின்னுபோச்சு. அப்போ சேலத்துல மாணிக்கம் செட்டியார்னு ஒரு வியாபாரி. தொழில் விஷயமா கேரளாவுக்குப் போய்வந்துக்கிட்டு இருந்தவர். பினாங்குலேர்ந்து வந்த போபட்லால் ஷாங்கறவரோட அங்கே அவருக்குப் பழக்கமாச்சு. ஷாவுக்கு மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யற வித்தை தெரியும். 1943-ல சேலத்துல தொழில் ஆரம்பமாச்சு. பெரிய மெஷின் ஒண்ணும் கிடையாது. கிழங்கைத் தட்டி, பால் எடுத்து, துணியில வடிகட்டி, தொட்டியில படியவிட்டு, அந்த மாவைத் துணியில போட்டுக் குலுக்கிக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, வெயில்ல காயவெச்சாங்க. காயப்போட எங்க ஊர் வெயிலைவிட நல்ல வெயில் எங்கே கிடைக்கும்?

அடுத்த வருஷமே முதல் பஞ்சாயத்து வந்துருச்சு. 1944 உணவுப் பஞ்ச காலம். ஜனங்க தின்கிற கிழங்கை மில்லுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளருங்க சங்கமாச் சேர்ந்து மேலிடம் வரைக்கும் போய்ப் பேசித் தடையை எடுக்கவெச்சாங்க. யுத்தம் முடிஞ்சு வெளிநாட்டு ஜவ்வரிசி மறுபடி இறங்க ஆரம்பிச்சப்பவும் அதே சங்கம்தான் டெல்லிகிட்ட முறையிட்டது. தொழில் பிழைச்சுக்கிச்சு. இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. தொழில் பிறந்து ஒரு வருஷத்துல மில்லுக்காரங்களுக்குச் சங்கம் இருந்துச்சு, அதிகாரிகிட்டப் பேச ஆள் இருந்துச்சு.

ஆனா அவங்களுக்கும் ஒரு எமன் இருந்தான். வியாபாரி. ஜவ்வரிசி செய்யறது சேலத்துல, அதிகமா சாப்பிடறது மகாராஷ்டிரா, குஜராத், வங்காளம் பக்கம். ஏகாதசி, நவராத்திரி விரதம்னா அங்கே சாபுதானா கிச்சடிதான். எங்க கிழங்கு விலை புனாக்காரர் எத்தனை நாள் விரதம் இருக்கார்ங்கறதுல கொஞ்சம் தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு! அந்தத் தூரத்துச் சந்தையைக் கையில வெச்சிருந்தது வியாபாரியும் தரகரும். மில்லுக்காரருக்குக் கூலி கொடுக்கணும், கிழங்குக்குப் பணம் கொடுக்கணும், கையில காசில்ல. சரக்கைக் கேட்ட விலைக்குத் தள்ளினாத்தான் மறுநாள் மில் ஓடும்.

இதுக்கு வழி 1981-ல பிறந்துச்சு. சேகோசர்வ். சேலத்து ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர்களோட கூட்டுறவுச் சங்கம். அது செய்த வேலை ரொம்ப எளிமையானது. சரக்கைக் கொண்டாந்து சங்கத்துக் குடோன்ல இறக்கு. இறக்கின சரக்குமேல முன்பணம் வாங்கிக்கோ. சாம்பிளை வியாபாரிங்க பார்ப்பாங்க, ஒருத்தர் போட்ட விலை இன்னொருத்தருக்குத் தெரியாம ரகசிய டெண்டர் போடுவாங்க. உசந்த விலை உனக்குப் பிடிச்சா கொடு. பிடிக்கலையா, மூட்டை குடோன்லயே இருக்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம்.

அந்த "நாளைக்குப் பார்க்கலாம்" இருக்கே, அதுதான் ஆயுதம். முன்பணம் கையில இருக்கு, சரக்கு பத்திரமா இருக்கு, காத்திருக்க முடியும். காத்திருக்க முடிஞ்சவன்கிட்டத்தான் எதிராளி மரியாதையாப் பேசுவான். மில்லுக்காரங்க இதைச் சாதிச்சதை நான் குறையாச் சொல்லல. பாராட்டறேன். 

சரி, இப்போ எங்க கதைக்கு வாங்க.

ஜவ்வரிசி மாசக்கணக்குல கெடாது. கிழங்கு? பிடுங்கின ரெண்டு மூணு நாள்ல உள்ளே நீலமாக் கறுக்க ஆரம்பிச்சிரும். லாரியில ஏத்திட்டா அப்புறம் நீங்க பேரம் பேசற ஆள் இல்ல, பேரத்துக்குக் காத்திருக்கிற ஆள். எங்களுக்கு இருக்கிற ஒரே குடோன் மண்ணு. பத்து மாசத்துக் கிழங்கை இன்னும் ஒண்ணு ரெண்டு மாசம் பிடுங்காம விடலாம். ஆனா நடுவுல மழை பேஞ்சா செடி மறுபடி துளிர்த்து, கிழங்குல சேர்த்த மாவைத் தானே தின்னுரும். அந்தக் குடோனுக்கு வாடகை மாவா போகும்.

அந்த மாவுதான் எங்க விலை. ஆலைக்குப் போற கிழங்குக்கு வெறும் எடைக்கு மட்டும் காசில்ல. மாவுச்சத்துக்குத்தான் காசு. அதைப் 'பாயிண்ட்'னு சொல்வாங்க. லோடிலிருந்து மாதிரிக் கிழங்கு எடுத்து, தண்ணிக்குள்ள நிறுத்தி எடை பார்ப்பாங்க. மாவு அதிகம் இருந்தா கிழங்கு கெட்டி, தண்ணிக்குள்ளயும் கனக்கும். விஞ்ஞானப்படி சரியான முறைதான். கணக்குக்கு ஒரு உதாரணம் சொல்றேன். பாயிண்ட்டுக்கு 400 ரூபான்னு வெச்சுக்குவோம். 28 பாயிண்ட் கிழங்கு டன் 11,200. அதுவே 25 பாயிண்ட்டுன்னு சொல்லிட்டா 10,000. பத்து டன் லோடுக்கு 12,000 ரூபா வித்தியாசம்.

அந்தத் தராசு யார்கிட்ட இருக்கு? வாங்கறவர்கிட்ட.

ஒரு வருஷம் ஒரே காட்டுல, ஒரே நாள் பிடுங்கின கிழங்கை ரெண்டு லோடாப் பிரிச்சு ரெண்டு மில்லுக்கு அனுப்பினேன். மூணு பாயிண்ட் வித்தியாசம் வந்துச்சு. குறைச்சுப் போட்ட இடத்துல ஏன்னு கேட்டா, "இஷ்டமில்லைன்னா திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னாங்க. லாரி வாடகை, பிடுங்கின கூலி எல்லாம் கொடுத்தாச்சு, கிழங்கு கறுக்குது. எங்கே எடுத்துக்கிட்டுப் போறது? எல்லா மில்லும் இப்படின்னு சொல்லமாட்டேன். எங்கப்பா காலத்துலேர்ந்து நேர்மையா நிறுக்கிற இடங்களும் இருக்கு. ஆனா நேர்மை ஒருத்தரோட குணமா மட்டும் இருக்கு, எங்க உரிமையா இல்ல.

"விவசாயிங்க பேச வழியே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. விலை விழறப்ப கலெக்டர் ஆபீஸ்ல முத்தரப்புக் கூட்டம் போடுவாங்க. விவசாயி, ஆலை, அதிகாரி மூணு பேரும் உக்காருவோம். மக்காச்சோள மாவு கலப்படமும் அங்கேதான் பலதடவை வெடிச்சிருக்கு. மரவள்ளி மாவைவிட மக்காச்சோள மாவு மலிவா கிடைக்கிறப்ப அதைக் கலந்தா ஆலைக்கு லாபம், எங்க கிழங்குக்கு அடி, உங்களுக்கு ஏமாத்து. வெளுப்புக்காக ரசாயனம் சேர்க்கற புகாரும் இப்படித்தான். இதுல மட்டும் உங்க நலனும் எங்க நலனும் ஒரே பக்கம். பளிச்சுன்னு வெள்ளையா இருக்கிற ஜவ்வரிசியை நீங்க தேடாம விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனா அந்தக் கூட்டத்துக்கும் ஒரு குறை இருக்கு. விலை விழுந்தப்புறம்தான் அது கூடும். கரும்புக்கு மத்திய அரசு குறைஞ்சபட்ச விலை சொல்லுது. எங்க கிழங்குக்கு அப்படி ஒண்ணு கிடையாது. கூட்டத்துல ஒப்புக்கிட்ட விலையை அடுத்த மாசம் யார் காப்பாத்துவா?

கெட்டுப்போற பொருள், அதனால விவசாயிக்குப் பலமில்லைன்னு முடிச்சுக்கவும் எனக்கு மனசில்ல. பால் கிழங்கைவிடச் சீக்கிரம் கெடும். குஜராத்துக் கேடா மாவட்டத்துல பால்காரங்க 1946-ல போல்சன் கம்பெனிக்கு வர்ற பாலை நிறுத்திப் போராடினாங்க. அந்த வருஷ டிசம்பர்லயே திரிபுவன்தாஸ் படேல் தலைமையில தங்களோட சொந்தச் சங்கத்தைப் பதிவு பண்ணினாங்க. இன்னிக்கு அமுல்னு சொல்றோமே, அது. அங்கே பாலைக் கறந்தவங்களே பதப்படுத்துற ஆலையையும் தங்களுதாக்கிக்கிட்டாங்க. சேலத்துல கூட்டுறவு வந்துச்சு, ஆனா அது ஆலைக்காரங்களோட கூட்டுறவு. பயிர் வெச்சவன் வாசலுக்கு வெளியதான் நிக்கிறான். ரெண்டு கதைக்கும் வித்தியாசம் இதுதான்.

வெளியே நிக்கிறது நாங்க மட்டுமில்ல. கிழங்குத் தோல் சீவுற பொம்பளைங்க, ஆலைக் கழிவுத்தண்ணி நாத்தத்தோட வாழ்ந்த ஓடைக்கரை ஊருங்க. அந்த ஊர்க்காரங்க விடாம புகார் சொல்லித்தான் கழிவுத்தண்ணி விஷயம் கவனத்துக்கு வந்துச்சு. இப்போ பல ஆலைங்க அதே தண்ணியிலிருந்து எரிவாயு எடுத்து கரண்ட் பண்ணிக்குது. ஒரு காலத்துல தொல்லைன்னு நினைச்ச பேச்சு, ஆலைக்கே லாபமா முடிஞ்சுது.

2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. விண்ணப்பிச்சது சேகோசர்வ். சந்தோஷம்தான். ஆனா புவிங்கறது எங்க காடுதானே? குறியீட்டுல எங்க மண்ணுக்கு இடம் இருக்கு, சங்கத்துல எங்களுக்கு இல்ல.

நாங்க கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. பாயிண்ட் பார்க்க ஆலைக்கு வெளியே ஒரு பொதுத் தராசு, அதுல போட்ட சீட்டு எல்லா ஆலையிலயும் செல்லணும். அப்புறம், நடவு வைக்கும்போதே ஒரு அடிவிலை பேசி எழுதிக்கணும். ஆலைக்கும் இது நல்லதுதான். விலை கிடைக்காம விவசாயி மக்காச்சோளத்துக்கோ பாக்குக்கோ மாறிட்டா, அப்புறம் அவங்க எதை அரைப்பாங்க?

என் காட்டுல கிழங்குக்கு இப்போ ஏழு மாசம். செடி நல்லா வந்திருக்கு. இன்னும் மூணு மாசத்துல அந்தத் தண்ணித் தொட்டித் தராசுக்கு முன்னாடி நானும் லோடோட நிப்பேன். எத்தனை பாயிண்ட் வந்துச்சுன்னு இங்கேயே எழுதறேன்.