எடை குறைந்த நாணயக் குற்றி: அச்சுப் பிழையா, உப்பு அரித்ததா?

மன்னாரில் கிணறு வெட்டும்போதும் வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதும் பழைய நாணயக் குற்றிகள் கிடைப்பது புதிதல்ல. 2020ஆம் ஆண்டு நானாட்டானில் வீட்டுக் காணியொன்றிலிருந்து பெருந்தொகையான குற்றிகள் மீட்கப்பட்டன. உரோமக் காசுகள் புழங்கிய மாதோட்டத் துறைமுகம் இந்தக் கரையில்தான் இருந்தது. சோழர் ஆட்சியில் அது இராஜராஜபுரம் எனப்பட்டது. மாந்தையில் 1980இல் தொடங்கிய அகழாய்வு, யுத்தச் சூழலால் 1984இல் நின்றுபோனது. தோண்டப்படாத மண்ணில் கிடக்கும் ஒவ்வொரு காசும் இன்னும் எழுதப்படாத வரலாற்றுக்குச் சான்று.

கிடைத்த காசு எடை குறைவாக இருந்தால் அதை ‘அச்சுப் பிழை, அரிய காசு’ என்பவர்களும் உண்டு, ‘தேய்ந்துவிட்டது, பெறுமதி இல்லை’ என்பவர்களும் உண்டு. எடையை மட்டும் வைத்து இரண்டையும் சொல்ல முடியாது.

முதலில் எந்தக் காசு என்று பாருங்கள்

1984இல் வெளியான 5 ரூபாக் குற்றி நிக்கல் பித்தளையால் ஆனது, எடை 9.5 கிராம். 2005 முதல் பித்தளை முலாமிட்ட உருக்கில் வந்த 5 ரூபா ஏறத்தாழ 7.7 கிராம். இரண்டு கிராம் வித்தியாசம் பிழையல்ல, உலோக மாற்றம். காந்தம் பிடித்தால் உருக்கு.

பழங்காசுகளில் கூடுதல் கவனம் வேண்டும். இராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசு ஏறத்தாழ 4 கிராம். பிற்கால உரோமச் செப்புக் காசுகள் பல 2 கிராமுக்கும் குறைவு. அக்காலத்தில் செப்புக் காசுகளைப் பொதுவாக ஒவ்வொன்றாக நிறுத்து அடிக்கவில்லை. இவ்வளவு செம்புக்கு இத்தனை காசு என்பதே கணக்கு. அதனால் ஒரே வகையிலும் எடை கூடிக் குறையும்.

எடை எப்படிக் குறைந்தது?

தேய்மானம்: உருவத்தின் மேடான பகுதிகள் முதலில் மழுங்கும், பள்ளங்களில் கோடுகள் தங்கியிருக்கும்.

அரிப்பு: உப்பு மண்ணில் கிடந்த செம்பில் குழிகளும் வெளிர்பச்சைப் பொடியும் தெரியும். மன்னாரில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வெட்டியெடுத்தல்: விளிம்பில் கத்தரித்த தடம் எழுத்தை நடுவில் அறுத்துச் செல்லும்.

வார்த்த போலி: விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் சிறு காற்றுக் குழிகள், மொழுக்கென்ற எழுத்துகள்.

மெல்லிய வில்லை: இதுவே உண்மையான பிழை. அச்சு முழுமையாகப் பதிய உலோகம் போதாததால் உருவம் மங்கலாக இருக்கும். ஆனால் தேய்மானமோ அரிப்போ தெரியாது.

கடிபட்ட வில்லை: இதுவும் பிழையே. இயந்திரத்தில் அடித்த காசில் விளிம்பு பிறைபோல் குறைந்திருக்கும். அதற்கு நேர் எதிரேயுள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். பின்னர் அரத்தால் அராவிய காசில் இந்த மங்கல் வராது.

அச்சு விலகியதும், இரு முறை அடிபட்டதும் பிழைகள்தான். ஆனால் அவற்றால் எடை குறையாது.

செய்ய வேண்டியவை

தேசிக்காய், பழப்புளி, சாம்பல் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். புளிப்பு செம்பைக் கரைக்கும். எடையும் எழுத்தும் சேர்ந்தே போய்விடும். காய்ந்த நிலையில் 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசில் நிறுங்கள். இரு பக்கங்களையும் விளிம்பையும் அடிமட்டத்தோடு சேர்த்துப் படமெடுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எவற்றுடன் கிடைத்தது என்று திகதியோடு எழுதிவையுங்கள்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்த தொல்பொருளை அறிவிப்பது கடமை. காணி பறிபோகுமோ என்ற அச்சம் நம் மக்களிடம் இருப்பது உண்மை. அதனாலேயே, கையளிக்கும் முன் படங்களையும் எடையையும் பதிந்து பிரதியை வைத்திருங்கள். எழுத்தில் பற்றுச்சீட்டும் கேளுங்கள். காசு கைமாறினாலும் அது நம் மண்ணில் கிடைத்தது என்ற சான்று உங்களிடம் இருக்கும்.