இசைத்தட்டும் எமது இசை வரலாறும்

கல்வெட்டு மன்னனின் பெயரைக் கூறும். ஓவியம் அவன் உருவைக் காட்டும். மறைந்த ஒருவரின் குரலை எமக்குத் தருவது ஒலிப்பதிவு ஒன்றேயாகும். ஆகவே ஒரு வீட்டு அலுமாரியிற் கிடக்கும் சில இசைத்தட்டுகளும் வரலாற்று மூலங்களாகப் போற்றப்படல் வேண்டும் என்பது எமது கருத்து.

1877 இல் எடிசன் உருளையிலே ஒலியைப் பதித்துக் காட்டினார். பத்தாண்டுகளின் பின் எமில் பேர்ளினர் தட்டையான தட்டிலே பதிக்கும் முறையைக் கண்டார். ஒரு மூலத்திலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை அச்சிட முடிந்தமையால் தட்டே நிலைபெற்றது. 1902 இல் பிரெட் கைஸ்பேர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்னும் பாடகியாரின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டின் முடிவிலே அவர் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்திற் கூறுவதை இன்றும் கேட்கலாம். தட்டுகளை அச்சிடுவோர் பாடியவர் இன்னாரென அறிதற்பொருட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

அக்காலத் தட்டுகள் அரக்குக் கலந்து செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிட இசையே அடங்கும். விடியவிடியப் பாடிய நாடக நடிகரும், மணிக்கணக்காக இராகம் வாசித்த நாதஸ்வர வித்துவானும் இவ்வெல்லைக்குள் தம் கலையைச் சுருக்க வேண்டியவராயினர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) தோடி அவ்வாறு சுருங்கியும் பெரும்புகழ் பெற்றது. அவரை நேரிற் கேட்டோர் இன்று அரியர், தட்டோ உண்டு.

இன்னொரு சான்று எம் நாட்டோடு தொடர்புடையது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926 இல் கொழும்பிலே நாடகத்தின் பொருட்டுச் சந்தித்தனர். மறு ஆண்டு மணம் புரிந்தனர். 1933 இல் கிட்டப்பா 27 வயதிற் காலமானார். முதற் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931 இலேயே வந்துவிட்டபோதிலும் அவர் திரைப்படத்திலே தோன்றவில்லை. அவரது குரலை நாம் அறிவது இசைத்தட்டுகளால் மட்டுமே.

1920களிலே எட்வேர்ட் ஹாப்பர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து நடத்திய ஒலிபரப்புப் பரிசோதனைகளிலும் இசைத்தட்டுச் சங்கீதமே ஒலித்தது. வானொலி இல்லாத வீட்டிலுங்கூட, கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கிராமபோன் மின்சாரமின்றியே பாடிற்று. 1948 இல் அமெரிக்காவில் அறிமுகமான நீள்நேர வினைல் தட்டும், பின்வந்த ஒலிநாடாவும் பழைய தட்டுகளை மூலைக்குத் தள்ளின.

எமது பூட்டனாரும் பேரனாரும் சேர்த்த தட்டுகள் 43. பெருஞ்செல்வர் சேர்க்கையன்று, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கியவை. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்தபொழுது, எமது பேர்த்தியார் 9 தட்டுகளைச் சேலைகளுக்கிடையே சுற்றி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். அவற்றுள் கிட்டப்பாவின் தட்டு ஒன்றும் இருந்தது. மறு ஆண்டு மீண்டுவந்தபொழுது எஞ்சிய 34 தட்டுகளும் சரிந்த கூரையின் கீழ் நொறுங்கிக் கிடந்தன.

தட்டுகள் உடைந்ததிலும் பெரிய இழப்பொன்று உண்டு. அந்த 34 தட்டுகளும் எவையெவை என்பதற்கு ஒரு பட்டியல் இல்லை. பேரனார் தம் நினைவிலிருந்து பன்னிரண்டை மாத்திரமே கூறினார். ஏனையவற்றை மீளத் தேடவும் எமக்கு வழியில்லை. பெயர் தெரிந்திருப்பின் வேறெங்கேனும் அதன் படியொன்றைக் கண்டெடுக்கலாமல்லவா?

ஆதலின் இளைஞர்களாகிய நாம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. எம் ஊர்களிலே எஞ்சியுள்ள தட்டுகளைத் தேடி, மேலொட்டிய தாளிலுள்ள பாடகர் பெயர், பாட்டு, கம்பெனி, இலக்கம் ஆகியவற்றை எழுதிவைப்போம். பழைய உருக்கூசியால் அவற்றைத் தேய்க்காது, தக்க கருவி உடையோரைக் கொண்டு ஒருமுறை படியெடுப்போம். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் சில மாலைப்பொழுதுகளும் போதும். முதியோர் நினைவு மங்குமுன் இதனைத் தொடங்குவோமாக.