மேற்கே மரம், கிழக்கே நீர்: பரம்பிக்குளம் பள்ளத்தாக்கின் நூற்றாண்டு

ஆனைமலைத் தொடரின் நடுவே, பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ள பரம்பிக்குளம் பள்ளத்தாக்கு கேரளத்துக்கு உரியதாயினும், அங்குள்ள மூன்று அணைகளை இயக்குவது தமிழ்நாடு அரசு. பாலக்காட்டிலிருந்து அங்கு வாகனத்தில் செல்வோரும் பொள்ளாச்சியை அடுத்த சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே சுற்றிச் செல்கின்றனர். இந்நிலை, அப்பள்ளத்தாக்கின் செல்வத்தை எதிரெதிர்த் திசைகளில் கொண்டுசென்ற இரு பெருந்திட்டங்கள் விட்டுச்சென்றதாகும்.

முதலாவது, கொச்சி சமஸ்தானம் அமைத்த வன டிராம்வே, அதாவது காட்டு மரங்களை ஏற்றிச் செல்வதற்கென இடப்பட்ட ரயில்பாதை. ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-இல் ரயில் ஓடத் தொடங்கியதும், அப்பாதையில் உள்ள சாலக்குடி வரை தேக்கையும் ஈட்டியையும் கொண்டுசேர்த்தால் துறைமுகம் எளிதில் எட்டும் என்ற கணக்கு உறுதிப்பட்டது. ஓரன்ஸ்டைன் அண்டு கோப்பல் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் தளவாடங்களுடன் உருவான பாதை 1907-இல் பயன்பாட்டுக்கு வந்து, சுமார் 80 கி.மீ. நீண்டது. நீராவி எஞ்சின் ஏற இயலாத செங்குத்தான இடங்களில் ‘இன்க்ளைன்’ எனப்பட்ட சாய்வுப் பாதைகள் அமைந்தன. மேலே பொருத்திய உருளையைச் சுற்றிய கம்பிவடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய பெட்டிகளும் மறுமுனையில் வெற்றுப் பெட்டிகளும் பிணைக்கப்பட, பாரம் தன் எடையால் கீழிறங்கும்போதே வெற்றுப் பெட்டிகள் மேலேறின, பிரேக் மட்டும் வேகத்தை அடக்கியது. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளை ஆய்வு செய்த சாலிம் அலி, இப்பாதையில் உள்ள குரியார்குட்டியில் தங்கிப் பணியாற்றினார். வருவாய் தேய்ந்து செலவு மிகுந்த நிலையில், டிராம்வே பின்னர் நிறுத்தப்பட்டது.

இரண்டாவது திட்டம் நீரைப் பற்றியது. பரம்பிக்குளம் ஆறு இயல்பாக மேற்கே ஓடிச் சாலக்குடி ஆற்றில் கலப்பது. மலைக்குக் கிழக்கே, மழைமறைவில் கிடந்த கொங்கு நிலத்துக்கு அந்நீரைத் திருப்பும் நோக்குடன், காமராஜர் ஆட்சிக்காலத்தில் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டப் பணிகள் தொடங்கின. பரம்பிக்குளம் அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தூணக்கடவை அடைகிறது. பெருவாரிப்பள்ளத்தின் நீரும் அங்கே சேர, மற்றொரு சுரங்கம் அதனைச் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறக்கி, மலைச்சரிவில் மெல்லிய சாய்வுடன் செல்லும் சமமட்டக் கால்வாயில் விட்டுத் திருமூர்த்தி அணைக்கு அனுப்புகிறது. இரு மாநிலங்களும் 1970 மே 29-இல் கையெழுத்திட்டு, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என வகுத்த ஒப்பந்தப்படி, சித்தூர்ப் பாசனத்துக்காக மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும், ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. கேரள மண்ணில் அணை, தமிழ்நாட்டின் கையில் இயக்கம் என்ற இந்த ஏற்பாட்டுக்கு, இடுக்கி மாவட்டத்தில் 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு முன்னோடியாகும். அணை கட்டத் தளவாடங்கள் கிழக்கிலிருந்தே வந்ததால், பள்ளத்தாக்கின் வாசலும் கிழக்கு நோக்கித் திரும்பியது.

பள்ளத்தாக்கின் தாழ்நிலங்களை நீர் மூடியபோது, அங்கு வாழ்ந்த காடர் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. காடர், மலசர், மலை மலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் இன்று சுங்கம், குரியார்குட்டி, பூப்பாறை முதலிய குடியிருப்புகளில் வாழ்கின்றனர். 2010-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில், பழைய டிராம்வே தடத்தில் நடக்க வருவோரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளும் அவர்களே. தண்டவாளம் பெயர்க்கப்பட்ட அத்தடத்தில், ரயிலுக்காக வெட்டிய சரிவுகளும் ஆற்றைக் கடந்த பாலத்தின் எச்சங்களும் பாதை சென்ற திசையை இன்றும் காட்டுகின்றன.

ஆயினும் இப்பள்ளத்தாக்கின் வரலாறு மரத்தின் கனத்தாலும் நீரின் அளவாலும் மட்டும் எழுதப்பட்டால் அது பாதி வரலாறே. கொரோனா காலத்தில் மாநில எல்லை அடைபட்டு, தங்கள் ஊராட்சியான முதலமடைக்குக்கூடச் செல்ல வழியற்றிருந்த நிலையில், 2020-இல் பரம்பிக்குளத்தை ஒட்டிய தேக்கடிக் குடியிருப்புகளின் மக்கள், அவ்வூராட்சியின் செம்மணாம்பதிக்குக் கேரளத்தின் வழியாகவே செல்லும் பாதையைத் தாங்களே வெட்டத் தொடங்கினர். மரத்துக்குத் தண்டவாளமும் நீருக்குச் சுரங்கமும் அமைத்துத் தந்த அரசுகள், அங்கு வாழ்வோர்க்கு அவர்தம் சொந்த மாவட்டத்துக்குள் செல்லும் ஒரு சாலையை அதுவரை அமைத்துத் தரவில்லை என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. டிராம்வேயையும் அணையையும் பதிவு செய்வோர் அதனையும் சேர்த்தே எழுதக் கடமைப்பட்டவர்கள்.